சாண்ட்ரா ஹூலர்: ஒரே வருஷத்துல வந்த பேர் இல்ல இது, இருபது வருஷ மேடை

பின்வரிசை எழுதியது:

இந்த வாரம் ஜெர்மன் நடிகை சாண்ட்ரா ஹூலரோட 'ரெக்வியம்' படம் ரெண்டு தடவை பாத்தாச்சு, ரெண்டாவது தடவை முடியும்போது மணி மூணு, இனிமே எழுதாம இருக்க முடியாதுன்னு ஆயிடுச்சு, அதான் இந்த இழை. ஸ்பாய்லர் நிறைய வரும், பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க.

2024 ஆஸ்கர் சமயத்துல நம்ம குரூப்ல எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான், யாருப்பா இவங்க, எங்க இருந்து வந்தாங்கன்னு. கேட்டதுல தப்பில்ல. 2023 கான் திரைப்பட விழாவுல முதல் பரிசான தங்கப்பனை 'அனாடமி ஆஃப் எ ஃபால்' படத்துக்கு, அடுத்த பெரிய பரிசான கிராண்ட் ப்ரீ 'தி சோன் ஆஃப் இன்ட்ரெஸ்ட்' படத்துக்கு, ரெண்டுலயும் இவங்கதான். ஆனா 'திடீர்னு வந்தாங்க'ன்னு சொல்றதைத்தான் என்னால ஏத்துக்க முடியல. 1978ல கிழக்கு ஜெர்மனியில சூல்ங்கிற ஊர்ல பிறந்தவங்க, பெர்லின் சுவர் விழும்போது பதினோரு வயசு. 1996ல பெர்லின் எர்ன்ஸ்ட் புஷ் நாடகப் பள்ளியில சேர்ந்து நாலு வருஷம் படிச்சாங்க. அப்புறம் யேனா, லைப்சிக், சுவிட்சர்லாந்துல பாசல்னு ஊர் ஊரா மேடை. 2003லயே அங்க உள்ள 'தியேட்டர் ஹாய்ட்ட' பத்திரிகை அந்த வருஷத்தோட சிறந்த இளம் நடிகைன்னு இவங்களைத் தேர்ந்தெடுத்துச்சு. அப்ப சினிமாவுல யாருக்கும் இவங்களைத் தெரியாது.

அப்புறம்தான் 2006ல 'ரெக்வியம்', ஹான்ஸ் கிறிஸ்டியன் ஷ்மிட் டைரக்‌ஷன். அன்னலீஸ மிஷல்னு ஒரு பொண்ணு, வலிப்பு நோய், பேய் பிடிச்சிருக்குன்னு சொல்லி பாதிரியாருங்க அறுபத்தேழு தடவை பேயோட்டி 1976ல செத்துப்போன நிஜக் கதை. இதே சம்பவத்தை வெச்சு ஹாலிவுட்ல முந்தின வருஷம்தான் ஒரு பேய்ப்படம் வந்துச்சு. இதுல பேயே கிடையாது மக்களே, ஒரு கிராஃபிக்ஸ் கிடையாது, ராத்திரில திறக்குற கதவு கிடையாது. படத்துல மிஷேலான்னு பேர் மாத்தின அந்தப் பொண்ணு, அவ்ளோதான். ஜெபமாலையை எடுக்கக் கை நீட்டுவா, விரல் அதுகிட்ட போயிட்டு மேல போகாது. முகத்துல பயத்தைவிட ஒரு வெக்கம் இருக்கும் பாருங்க, வீட்டுல விருந்தாளி முன்னாடி தட்டை கீழ போட்ட பிள்ளை மாதிரி. அந்த இடத்துல நான் படத்தை நிறுத்திட்டு எழுந்து தண்ணி குடிச்சிட்டு வந்தேன். பெர்லின் விழாவுல சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி இதுக்குத்தான்.

பாத்தவங்க வாங்க, பேசுவோம்.

---

கோவை_ரீல் எழுதியது:

நான் 'அனாடமி' மட்டும்தான் பாத்திருக்கேன் ஜி. நடிப்பு பிரமாதம், அதுல மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா ஒரு சந்தேகம். மேடையில இருந்து வர்றவங்க சினிமாவுல கொஞ்சம் தூக்கலா பண்ணுவாங்க, கடைசி வரிசைக்குக் கேக்கணும்னு பழகின குரல், கை எல்லாம் பெருசா வீசும். இவங்ககிட்ட அது சுத்தமா இல்லையே, அப்ப மேடைதான் இவங்களை உருவாக்குச்சுன்னு எப்டி சொல்றீங்க? சினிமாவுக்குன்னே பிறந்தவங்கன்னு கூட சொல்லலாம்ல?

அப்புறம் அடுத்து எந்தப் படம் பாக்கலாம்னும் சொல்லுங்க.

---

பின்வரிசை எழுதியது:

@கோவை_ரீல் நல்ல கேள்வி. அடுத்து பாக்க வேண்டியது 'டோனி எர்ட்மன்', 2016, மாரன் ஆடேங்கிறவங்க எழுதி இயக்கினது. ரெண்டு மணி நேரம் நாப்பத்திரெண்டு நிமிஷம், முதல் ஒரு மணி நேரம் பொறுமையா உக்காருங்க. ரூமேனியாவுல புகாரஸ்ட்ல கன்சல்டன்டா வேலை பாக்குற மகள் இனெஸ், எந்தக் கம்பெனியில எத்தனை பேரை வேலையை விட்டுத் தூக்கணும்னு கணக்குப் போட்டுக் குடுக்குறதுதான் வேலை. அப்பா ஓய்வுபெறப் போற மியூசிக் வாத்தியார், பொய்ப் பல்லும் டோப்பாவும் மாட்டிக்கிட்டு மகளோட ஆபீஸ் வரைக்கும் வந்து நிக்கிறாரு.

உங்க கேள்விக்குப் பதில் அந்தப் பாட்டு சீன்லயே இருக்கு. ஒரு ரூமேனியக் குடும்பத்து வீடு, ஈஸ்டர், எல்லாரும் உக்காந்து முட்டைக்கு வர்ணம் அடிச்சிட்டு இருக்காங்க. அப்பா கீபோர்டுல உக்காந்துட்டு என் பொண்ணு பாடுவான்னு சொல்லிடுறாரு. விட்னி ஹூஸ்டன் பாட்டு. இனெஸ் முதல்ல மாட்டேங்குறா, அவரு விடாம வாசிக்கிறாரு, அவ கையைக் கட்டிக்கிட்டு நின்ன இடத்துலயே கடனேன்னு ஆரம்பிக்கிறா. ஒரு வரி, ரெண்டு வரி, குரல் மேல ஏறுது, திடீர்னு எங்கயோ உள்ள அடைச்சு வெச்சிருந்தது உடையுது, கழுத்து நரம்பு புடைக்க கத்திப் பாடுறா, கையெல்லாம் நீங்க சொன்ன மாதிரியே பெருசா வீசுது. பாட்டு முடிஞ்ச அடுத்த நொடி, கைதட்டு வர்றதுக்குள்ள, படியில இறங்கி ஓடிப்போயிடுறா.

மேடைக்காரங்க பெருசா பண்ணுவாங்கன்னு சொன்னீங்கல்ல, இவங்களுக்கும் அது கைவசம் இருக்கு, எப்ப எடுக்கணும்ங்கிறதுதான் விஷயம். ரெண்டு மணி நேரம் பூட்டி வெச்சிருந்து அந்த மூணு நிமிஷத்துல திறந்து விடுறாங்க, அப்புறம் உடனே பூட்டு. பெரிய குரல் இருக்கிறவங்களுக்குத்தான் சின்னக் குரல்ல பேசுறதோட கனம் தெரியும்னு நான் நம்புறேன். அதோட அப்பாவா வர்ற பீட்டர் ஸிமோனிஷெக்கும் வியன்னா பர்க்தியேட்டர்ல வருஷக்கணக்கா நடிச்ச மேடைக்காரர்தான். 2023 மே மாசம், 'அனாடமி'க்கு தங்கப்பனை கிடைச்சு ரெண்டு மூணு நாள்ல இறந்துட்டாரு. அந்தச் செய்தி வந்த அன்னிக்கு இந்தப் பாட்டு சீனை மட்டும் போட்டுப் பாத்தேன், கீபோர்டுல உக்காந்துட்டு மகளை ஓரக்கண்ணால பாப்பாரு பாருங்க, முடியல.

---

டோர்ட்முண்ட்_தம்பி எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். இவ்வளவு நாளும் வாசிச்சுக்கொண்டு மட்டும்தான் இருந்தனான், இந்த இழையைக் கண்டவுடன எழுதாமல் இருக்கேலாமல் போச்சு. நான் இஞ்ச டோர்ட்முண்டில இருக்கிறன், போஹும் (Bochum) எங்களுக்குப் பக்கத்து ஊர், ரெயின்ல ஏறி இருந்தா பத்துப் பன்ரெண்டு நிமிஷம். அந்த ஊர் நாடக அரங்கில இவ ஹாம்லெட்டா நடிச்சதை நேரில பாத்தனான். ஓம், ஹாம்லெட்டாத்தான், இளவரசன் பாத்திரம். யோஹன் ஸீமன்ஸ் எண்ட டச்சுக்காரர் 2019ல மேடையேற்றினது.

மேடையில பெரிசா ஒண்டும் இல்ல, வெள்ளை நிலம், மேல ஒரு பெரிய உருண்டை தொங்குது, அவ்வளவுதான். இவ கறுப்பு உடுப்போட வாறா. ஆம்பிளை மாதிரி குரலை மாத்திறதோ நடையை மாத்திறதோ ஒண்டும் இல்ல. தகப்பன் செத்துப்போன பிள்ளை ஒண்டு அதில நிக்குது எண்டுதான் எங்களுக்கு விளங்கும். ஆவி எண்டு தனிய ஒரு ஆள் வரேல்ல, செத்த தகப்பன்ர கதையும் இவவின்ர வாயாலதான் வருது. என்ர பக்கத்தில இருந்த வயசான ஜெர்மன்காரி கைக்குட்டையை எடுத்து வச்சவ, அழேல்ல, சும்மா கையில இறுக்கிப் பிடிச்சுக்கொண்டே இருந்தவ, கடைசி வரைக்கும். எனக்கு அந்தப் பழைய ஜெர்மன் முழுக்க விளங்கேல்ல, ஆனா ஒரு சொல்லும் தவறவிட்ட மாதிரி இருக்கேல்ல.

இன்னொண்டும் சொல்லவேணும். இந்த நாட்டில நாடகம் எண்டுறது எங்கட ஊரில போல ஒரு நாள் ரெண்டு நாள் போடுறது இல்ல. கன நகரசபைகளுக்குச் சொந்தமா ஒரு அரங்கு இருக்கு, மக்கள்ர வரிக்காசில நடக்குது, நடிகர்மாருக்கு மாதச் சம்பளம். இண்டைக்கு ஒரு நாடகம், நாளைக்கு வேற ஒண்டு, பகலில மூண்டாவதுக்கு ஒத்திகை. ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான், அடுத்த சீசனுக்கு நீ வேண்டாம் எண்டா அதை அக்டோபர் முடியிறதுக்குள்ள சொல்லிப்போடவேணும் எண்டு ஒரு முறை இருக்கு. ஆக்கள் ஊர் மாறி ஊர் மாறித் திரியிறது இதாலதான். பின்வரிசை அண்ணா சொன்ன யேனா, லைப்சிக், பாசல் எல்லாம் அப்பிடித்தான்.

---

பின்வரிசை எழுதியது:

@டோர்ட்முண்ட்_தம்பி, தம்பி இதை எழுதினதுக்கு ரொம்ப நன்றி, பொறாமையா இருக்கு, உண்மையாவே. 2020ல கொரோனா வந்து எல்லா அரங்கும் மூடினப்ப பெர்லின் தியேட்டர்ட்ரெஃபன் நாடக விழாவை ஆன்லைன்ல நடத்தினாங்க, அதுல இந்த ஹாம்லெட் பதிவையும் போட்டாங்க, நான் அதுலதான் பாத்தேன், லேப்டாப்புல, அதுவும் நெட் விட்டு விட்டு வந்துச்சு. அந்தக் கைக்குட்டை எனக்குக் கிடைக்கலையே.

2018ல சால்ஸ்பர்க் விழாவுல இதே ஸீமன்ஸ், க்ளைஸ்ட் எழுதின 'பென்தசிலியா'வை ரெண்டே ரெண்டு நடிகர்களை வெச்சுப் போட்டாரு, இவங்களும் யென்ஸ் ஹார்ட்ஸரும். ஒரு போர்க்களத்தையே, அத்தனை படையையும், ரெண்டு பேர் பேச்சுலயே கொண்டு வரணும். இதையெல்லாம் பண்ணிட்டு வந்தவங்ககிட்ட போய் இது உங்களுக்கு முதல் பெரிய வருஷமான்னு 2023ல கேட்டா எப்டி இருக்கும்.

---

நிலாவரை எழுதியது:

எல்லாரும் ஒரே பக்கமா பேசுறீங்க, நான் கொஞ்சம் மாறுபடுறேன், கோவிச்சுக்காதீங்க.

'சோன் ஆஃப் இன்ட்ரெஸ்ட்' படத்துல ஆஷ்விட்ஸ் நாஜி முகாம் தளபதியோட மனைவி ஹெட்விக் ஹோஸா இவங்க செஞ்சதை நடிப்புன்னு புகழ எனக்கு மனசு வரல. அது இயக்குநர் ஜொனதன் கிளேசரோட வேலை. வீட்டுக்குள்ளயும் தோட்டத்துலயும் கேமராவை மறைச்சு வெச்சு, ஒரே நேரத்துல பத்து கேமரா வரைக்கும் ஓடுது, படக்குழு யாரும் அறையில இல்ல, தனியா லைட் போடல, நடிகர்களை நடமாட விட்டுட்டாரு. க்ளோசப்பே இல்ல. மதிலுக்கு அந்தப் பக்கம் ஆஷ்விட்ஸ் முகாம், சத்தம் மட்டும் வருது, அந்தச் சத்தம்தான் படம், ஆஸ்கரும் அந்த ஒலிக்குக் கிடைச்சுது. இதுல ஹெட்விக் எடத்துல யார் நின்னாலும் நமக்கு அந்தக் குமட்டல் வந்திருக்கும்.

அதோட எனக்கு இன்னொரு வருத்தம். அந்த மாதிரி ஒருத்திக்கு ஒரு பெரிய நடிகை தன் திறமையைக் கொடுக்கணுமா? நம்ம மேல ஏதோ ஒரு மூலையில அவளைப் புரிஞ்சுக்கோன்னு ஒரு பாரம் வந்து உக்காருது. எனக்கு அது பிடிக்கல.

---

பின்வரிசை எழுதியது:

@நிலாவரை கோபமெல்லாம் இல்ல மேடம், இந்தக் கேள்வி வரணும்னுதான் காத்துட்டு இருந்தேன், ஏன்னா இதே கேள்வி ஹூலருக்கே இருந்துச்சு. நாஜிப் பாத்திரம் பண்றதில்லைன்னுதான் ரொம்ப வருஷம் இருந்தாங்க. முதல்ல அவங்களுக்கு வந்தது ஒரு கணவன் மனைவி சண்டை சீன் மட்டும்தான், யாரைப் பத்தின படம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கிளேசரைப் பாத்துப் பேசி, இவரு இந்த ஆளுங்களுக்கு ஒரு கவர்ச்சியும் குடுக்கப் போறதில்லைன்னு நம்பிக்கை வந்த பிறகுதான் ஒத்துக்கிட்டாங்க. அந்தப் பொம்பளைக்குத் தன்னோட உணர்ச்சியில ஒரு துளி கூடக் குடுக்கக் கூடாதுன்னு வெச்சுக்கிட்டு நடிச்சதா பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. நீங்க சொல்ற அந்தப் பாரம் நம்ம மேல வரக்கூடாதுங்கிறதுதான் அவங்க கவலையும்.

யார் நின்னாலும் சரிங்கிறதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். அந்த ஃபர் கோட் சீனை ஒருக்கா போட்டுப் பாருங்க. முகாம்ல இருந்து வந்த துணிமணி, வேலைக்காரிங்களுக்கு உள்பாவாடை ரவிக்கைன்னு எடுத்துக்கச் சொல்லிட்டு இவ கோட்டை மட்டும் எடுத்துட்டு ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்துறா. கண்ணாடி முன்னாடி போட்டுப் பாத்து இப்டியும் அப்டியும் திரும்புறா. பாக்கெட்டுல கை விட்டா ஒரு லிப்ஸ்டிக். யாரோ ஒருத்தியோடது, அவ இப்ப உயிரோட இருக்க மாட்டா. இவ அதைத் திறந்து உதட்டுல போட்டுப் பாக்குறா. முகத்துல என்ன இருக்கு? ஒண்ணுமே இல்ல. சந்தையில தக்காளி அமுக்கிப் பாக்குற மாதிரி. வில்லியா பண்ணனும்னு நெனச்சிருந்தா ஒரு சின்ன சிரிப்பு போதும், நமக்கும் நிம்மதியா இருந்திருக்கும், அவ வேற ஜாதி மனுஷின்னு ஒதுக்கி வெச்சிருப்போம். அந்தச் சிரிப்பை அவங்க குடுக்கல. நடையையும் பாருங்க, காலை அகட்டி, தரையைப் பூரா தனக்குன்னு எழுதி வாங்கின மாதிரி. க்ளோசப் இல்லாத படத்துல ஆளைத் தூரத்துல இருந்தே காட்டணும்னா முழு உடம்பும் பேசணும், அது மேடையில நின்ன உடம்புக்குத்தான் வரும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், அந்த வீட்டுல ஓடிக்கிட்டே இருக்குமே கறுப்பு நாய், அது ஹூலரோட சொந்த நாய்.

---

செவ்வந்தி எழுதியது:

'அனாடமி' பத்தி யாரும் இன்னும் மொழி விஷயத்தைத் தொடலையே, எனக்கு அந்தப் படமே அதுதான்.

சாண்ட்ராங்கிற ஜெர்மன் எழுத்தாளர், புருஷன் ஃபிரெஞ்சுக்காரர், ஆல்ப்ஸ் மலையில அவர் ஊர்ப்பக்கம் வந்து இருக்காங்க. வீட்டுல ரெண்டு பேருக்கும் பொதுவா இங்கிலீஷ். அவர் மேல இருந்து விழுந்து செத்துப்போக, இவங்க தள்ளிவிட்டாங்களான்னு வழக்கு. கோர்ட்டுல ஃபிரெஞ்சுலதான் பேசணும்னு எதிர்பார்க்குறாங்க, இவங்க தட்டுத் தடுமாறிப் பேசிட்டு ஒரு கட்டத்துல முடியலன்னு இங்கிலீஷுக்கு மாறுறாங்க. படம் பூரா அவங்க தாய்மொழியில அவங்க தன்னைக் காப்பாத்திக்கவே இல்ல. ஹூலர் இந்தப் படத்துக்காக ஃபிரெஞ்சைக் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டாங்க, அந்தக் கஷ்டத்தையே டைரக்டர் ஜஸ்டின் ட்ரியே பாத்திரத்துக்குள்ள விட்டுட்டாங்க.

நான் கல்யாணமாகி வெளிமாநிலம் வந்து பதினாலு வருஷம். ஆபீஸ்ல ஒருதடவை என் மேல தப்பே இல்லாத ஒரு விஷயத்துக்கு விளக்கம் கேட்டாங்க. அவங்க மொழியில பேசணும். எனக்கு அந்த மொழி கடைக்குப் போக, வீட்டு வேலை சொல்ல எல்லாம் நல்லா வரும், ஆனா கோபப்படத் தெரியாது, நியாயம் கேக்கத் தெரியாது. ஒவ்வொரு வார்த்தையும் தேடி எடுத்துப் பேசினதுல நான் ஏதோ மறைக்கிற மாதிரி அவங்களுக்குத் தோணிடுச்சு. கோர்ட்டுல சாண்ட்ரா ஒரு வார்த்தைக்காக நிக்கிற அந்த அரை நொடி இருக்கே, அரசு வக்கீல் அதைக் குத்தம்னு எடுத்துக்குறான், எனக்கு மட்டும் தெரியும் அது என்னன்னு. தியேட்டர்ல உக்காந்து புடவைத் தலைப்பை வாயில வெச்சுக்கிட்டேன்.

---

டோர்ட்முண்ட்_தம்பி எழுதியது:

@செவ்வந்தி அக்கா, நீங்கள் எழுதினதை வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தனான். அம்மா இஞ்ச வந்த புதுசில ஒரு அலுவலகத்தில விசா விஷயமா கூப்பிட்டுக் கேள்வி கேட்டவை, நான் பத்து வயசில மொழிபெயர்ப்பாளரா பக்கத்தில இருந்தனான். அம்மா தமிழில அழுது சொன்னதை நான் என்ர அரைகுறை ஜெர்மனில ஒரு வரியாக்கிச் சொல்லிப்போட்டன். அந்தப் படத்தில மகன் சாட்சிக்கூண்டில நிக்கேக்க எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

---

கோவை_ரீல் எழுதியது:

'டோனி எர்ட்மன்' பாத்தாச்சு ஜி!! பாட்டு சீன் நீங்க சொன்ன மாதிரியேதான், ஆனா என்னை அடிச்சுப் போட்டது அதுக்கப்புறம் வர்ற பிறந்தநாள் பார்ட்டி. டைட்டான டிரஸ், ஜிப்பு ஏற மாட்டேங்குது, ஒரு ஃபோர்க்கை வெச்சு இழுத்துப் பாக்குறாங்க, அந்த நேரம் பாத்து காலிங் பெல், சரி போன்னு எல்லாத்தையும் கழட்டிட்டுப் போய்க் கதவைத் திறந்து இது நிர்வாண பார்ட்டின்னு சொல்றாங்க, மேனேஜர் உட்பட ஒவ்வொருத்தரா வந்து என்ன பண்றதுன்னு தெரியாம நிக்கிறாங்க. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுது. அப்புறம் அப்பா அந்தப் பெரிய முடி மூட்டை வேஷத்துல வந்து ஒண்ணும் பேசாம போக, இவங்க எதையோ மேல மாட்டிக்கிட்டு பின்னாடியே பார்க் வரைக்கும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சு 'பாப்பா'ன்னு (ஜெர்மன்ல அப்பா) ஒரு வார்த்தை. அழுதுட்டேன். எங்கப்பாவுக்கு உடனே போன் போட்டேன், என்னடா இந்நேரத்துலன்னு கேட்டாரு, சும்மாதான்னு வெச்சுட்டேன்.

மேடை பத்தி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா இதுக்கு கான்ல ஒண்ணுமே குடுக்கலையாமே போட்டிப் பிரிவுல? கொடுமை.

இன்னொரு கேள்வி. 'அனாடமி'ல அவங்க கொன்னாங்களா இல்லையா, உங்க முடிவு என்ன?

---

பின்வரிசை எழுதியது:

@கோவை_ரீல் ஆமா, நடுவர் குழு ஒண்ணும் குடுக்கல, விமர்சகர்கள் பரிசு மட்டும் கிடைச்சுது. அந்த வருஷக் கடைசியில ஐரோப்பிய திரைப்பட விருதுல சிறந்த படம், இயக்கம், நடிகைன்னு அள்ளிடுச்சு, அதுல மனசு ஆறிச்சு.

உங்க கேள்வியை ஹூலரே டைரக்டர்கிட்ட கேட்டாங்க. ட்ரியே பதில் சொல்லல, குத்தமில்லாதவ மாதிரி நடின்னு மட்டும் சொல்லிட்டாங்க. அந்தப் பாத்திரத்தை ட்ரியே எழுதினதே இவங்களை மனசுல வெச்சுதான், 2019ல 'சிபில்' படத்துல சேர்ந்து வேலை பாத்த பழக்கம். எனக்கு முடிவுன்னு ஒண்ணு இல்ல, மூணு தடவை பாத்து மூணு மாதிரி தோணிச்சு. ரெக்கார்ட் பண்ணின சண்டையைக் கோர்ட்டுல போடுவாங்களே, அதுல புருஷன் உன்னாலதான் என்னால எழுத முடியலன்னு குத்தம் சொல்லச் சொல்ல இவங்க முதல்ல எவ்ளோ பொறுமையா, கிட்டத்தட்ட அன்பாவே பதில் சொல்றாங்கன்னு கவனிங்க. முதல் தடவை அந்தப் பொறுமை எனக்குப் பிடிச்சுது. ரெண்டாவது தடவை அதே பொறுமை பயமா இருந்துச்சு. நடிப்புல ஒரு இம்மி மாறல, நான்தான் மாறியிருக்கேன். இதுக்குத்தான் ஃபிரான்ஸோட செசார் விருது குடுத்தாங்க. ஆஸ்கர் எம்மா ஸ்டோனுக்குப் போச்சு, அதுல எனக்கு இன்னமும் வருத்தம்தான், மறைக்க மாட்டேன்.

---

நிலாவரை எழுதியது:

ஃபர் கோட் சீனைத் திரும்பப் பாத்தேன். லிப்ஸ்டிக்கைப் போட்டுட்டு அப்புறம் துடைச்சிடுறா, அது முதல் தடவை என் கண்ணுல படவே இல்ல. அதுக்கு மேல அதைப் பத்தி இப்ப பேச முடியல. அந்தப் படத்தை இன்னொரு தடவை முழுசா பாக்குற தெம்பு எனக்கு இல்ல, ஆனா கேமராவோட வேலை மட்டும்தான்னு சொன்னது சரியில்ல, அதை மாத்திக்கிறேன்.

அதுக்குப் பதிலா நீங்க யாரும் பேர் சொல்லாத ஒரு படத்தைச் சொல்றேன், 'இன் டென் கேங்கன்', 2018, தாமஸ் ஸ்டூபர். இவங்க பிறந்த அதே கிழக்குப் பக்கம், நெடுஞ்சாலை ஓரமா ஒரு மொத்த விற்பனைக் கடை. ராத்திரி ஷிஃப்ட்ல சரக்கு அடுக்குற ஆளுங்க. சுவர் இருந்த காலத்துல லாரி ஓட்டினவரு இப்ப ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறாரு. ஹூலர் இதுல மரியான், இனிப்புப் பகுதி. படத்துல மொத்தமா இருவது நிமிஷம் வருவாங்களோ என்னமோ, வீட்டுல புருஷன் சரியில்லன்னு யாரோ சொல்லித்தான் நமக்கே தெரியும், அவங்க வாயால ஒரு புகார் வராது. காபி மெஷின் பக்கத்துல நின்னுட்டு புதுசா சேர்ந்த பையனைப் பாத்து, ஃபிரான்ஸ் ரொகோவ்ஸ்கி, லேசா கிண்டல் பண்ணுவாங்க, அவ்ளோதான் காதல்.

கடைசியில அவனை ஃபோர்க்லிஃப்ட்டோட கையை மேல வரைக்கும் தூக்கச் சொல்றா. அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா இறக்கு, கேளுன்னு சொல்றா. அந்தக் காத்துச் சத்தம் கடல் மாதிரி கேக்குது.

---

பின்வரிசை எழுதியது:

மேடம், அதை நான் இன்னும் பாக்கல. இன்னிக்கு ராத்திரி ஹெட்போன் போட்டுட்டு பாக்கப் போறேன்.